திண்ணையை அளந்த பிள்ளைகள்

(விருதுநகர் மாவட்ட ஆசிரியர்களுக்கான பயிற்சியொன்றில், கட்டடக்கலையிலும் பழைய நகரப் பாதுகாப்பிலும் முதுகலை பயின்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என் கையில் இருக்கும் இந்தப் பழைய நோட்டை உரைக்கான குறிப்பேடு என்று நினைத்திருப்பீர்கள். இது நான் எட்டாம் வகுப்பில் எழுதிய சமூக அறிவியல் நோட்டு. இதில் உள்ள ஒரே ஒரு பக்கத்தைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு படம். படத்துக்குக் கீழே மூன்று அளவுகள். திண்ணையின் நீளம் 11 அடி, அகலம் மூன்றரை அடி, தெருவிலிருந்து உயரம் இரண்டேகால் அடி. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

நான் ராஜபாளையத்துப் பிள்ளை. அப்பா நூற்பு மில்லில் வேலை பார்த்தார். அம்மாச்சி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் சமூக அறிவியல் சார், "திங்கட்கிழமை வரும்போது ஆளுக்கொரு திண்ணையை அளந்துகொண்டு வாருங்கள்" என்றார். பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு பயிற்சி கிடையாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி எழுந்து, "எங்க வீடு லைன் வீடு சார், திண்ணை இல்லை" என்றாள். வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "வாசல்படி இருக்கிறதல்லவா? அதை அளந்து வா. எத்தனை பேர் அதில் உட்காருவீர்கள் என்றும் எழுதி வா" என்றார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாச்சி வீட்டுக்குப் போய், தையல்காரரிடம் இரவல் வாங்கிய டேப்பால் அளந்தேன்.

பிறகு நான் கட்டடக்கலை படிக்கச் சென்னைக்குப் போனேன். இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அம்மாச்சி வீட்டை இடித்துவிட்டார்கள். மழைக்குக் கூரை ஒழுகியது; தெருத் தண்ணீர் நடைக்குள் வந்தது. விடுமுறையில் போய் மாமாவிடம் வருத்தப்பட்டேன். "நீ படிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் கூரை பொறுக்குமா தாயி?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் செய்ததில் தவறும் இல்லை.

முதுகலைக்கு டெல்லி போனேன். முதல் பருவத்தில் எங்களுக்குத் தரப்பட்ட வேலை, இப்போது இல்லாத ஒரு வீட்டை நினைவிலிருந்தும் சான்றுகளிலிருந்தும் மீட்டு வரைவது. வீட்டில் தேடினேன். கல்யாணப் படங்கள் இருந்தன. அவற்றில் மனிதர்கள் இருந்தார்கள், வீடு இல்லை. கடைசியில் பரணில் இந்த நோட்டு கிடைத்தது. வாசலின் இருபுறமும் ஒரே அளவுத் திண்ணை. நடுவில் நடை நான்கு அடி என்று அம்மா சொன்னார். ஆக, முகப்பு 26 அடி. திண்ணைக்கு இரண்டு தூண் என்பது அத்தைக்கு நினைவிருந்தது. தூண்களின் இடைவெளி கிடைத்தது. அதை வைத்து உத்திரத்தின் நீளம், உத்திரத்தை வைத்துக் கூரையின் சரிவு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக அந்த வீடு காகிதத்தில் எழுந்து நின்றது. ஓர் ஆசிரியர் ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்த வீட்டுப்பாடம்தான் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே ஆவணம்.

இந்த அனுபவத்தை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, பழைய நகரங்களைப் பாதுகாக்கும் படிப்பு என்ன கற்றுத் தருகிறது, அதில் ஆசிரியர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் படிக்கவேண்டியது ஊரை

கட்டடக்கலை என்றதும் புதிதாகக் கட்டுவதுதான் நினைவுக்கு வரும். ஐந்தாண்டு இளநிலைப் படிப்பில் நாங்களும் அதைத்தான் பெரும்பாலும் கற்கிறோம். பாதுகாப்பு முதுகலையில் வரிசை மாறுகிறது. அளப்பது, வரைவது, கேட்டு எழுதுவது, எந்தச் சுவர் எந்தக் காலத்தது, எந்த விரிசல் எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது ஆகியவை முதலில் வருகின்றன. என்ன செய்யலாம் என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது. நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்பது போல.

இந்த முறையை நம் மண்ணில் வலியுறுத்தியவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடஸ். அவர் அடிப்படையில் ஓர் உயிரியலாளர். 1914-ல், அன்றைய சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பில் இந்தியா வந்தார். 1915 தொடக்கத்தில் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். பிறகு மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட பல ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான பழைய குடியிருப்பின் நடுவே நேராக ஓர் அகலச் சாலையை வெட்டுவதுதான் அன்றைய பொறியாளர்கள் அறிந்த தீர்வு. கெடஸ் அதை மறுத்தார். பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றுங்கள். அந்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் வரட்டும், ஒரு மரம் நிற்கட்டும். மற்ற வீடுகளைச் செப்பனிடுங்கள் என்றார். தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் அறுவைச் சிகிச்சை போன்றது அது. மக்கள் வெளியேற்றப்படவில்லை, செலவும் குறைவு. திட்டம் போடுவதற்கு முன் கள ஆய்வு என்பது அவருடைய அடிப்படை விதி. உலகெங்கும் நகரமைப்பு மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அந்த விதியை நம் இரண்டு ஊர்களில் பொருத்திப் பார்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரே மலைத்தொடரின் அடிவாரம், ஒரே ரயில் பாதை. ஆனால் இரண்டும் வெவ்வேறு விதமாக எழுதப்பட்ட புத்தகங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அளந்த அளவுகோல்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் எல்லோரும் கோபுரத்தைச் சொல்வார்கள். 11 நிலை, 192 அடி. நம் அரசு முத்திரையோடு சேர்த்துப் பேசப்படும் கோபுரம். வடபத்ரசாயி கோயில் ஒரு பக்கம், ஆண்டாள் கோயில் ஒரு பக்கம், இடையில் நந்தவனம் என்று கோயிலின் அமைப்பை நம் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஆனால் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளக் கோபுரத்தைவிட உதவுவது தேர்.

ஆடிப்பூரத்தன்று தேர் வீதிகளில் நின்று பாருங்கள். அந்தத் தெருக்கள் ஏன் அவ்வளவு அகலம்? தேர் வர வேண்டும். வடம் பிடிப்பவர்கள் நடக்க வேண்டும். ஓரத்தில் ஊர் நிற்க வேண்டும். முக்குகள் ஏன் அவ்வளவு விரிந்திருக்கின்றன? தேரை வடத்தால் மட்டும் திருப்ப முடியாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அதற்கு இடம் வேண்டும். தேர் வீதியில் இருக்கும் வீட்டின் மாடி முகப்பு ஓர் அடி வெளியே நீட்டினாலும் தேர் இடிக்கும். எந்தச் சட்டமும் இல்லாத காலத்திலேயே, ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை ஊரைச் சுற்றி வந்து சரிபார்த்த ஆய்வாளர் அந்தத் தேர். ஒரு பண்டிகை எப்படி ஒரு நகரத்தின் வடிவத்தைக் காத்து வைக்கிறது என்பதை டெல்லியில் வகுப்பில் சொன்னபோது, மற்ற மாநில மாணவர்கள் வியந்தார்கள். எனக்கு அது சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த காட்சி.

அதே ஊரில் திருமலை நாயக்கரின் பெயரில் ஒரு சிறு அரண்மனை இருக்கிறது. மதுரை மகாலைப் பார்த்தவர்கள் இதன் தூண்களையும் வளைவுகளையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அரண்மனையாக இருந்த இடம் பின்னாளில் நீதிமன்றத்துக்குப் பயன்பட்டது. ஒரு பழைய கட்டடம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். 1875-ல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் வாசகர்களின் இடமாக இருப்பதும் இந்தப் பாடத்தையே சொல்கிறது.

ராஜபாளையத்தின் எழுத்து வேறு

ராஜபாளையத்தில் இப்படி நடுவில் ஒரு பெருங்கோயிலும் சுற்றித் தெருக்களும் என்ற அமைப்பைத் தேடினால் ஏமாந்துபோவோம். இங்கே பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும். பாளையம் என்றால் படை தங்கிய இடம். பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாகோட்டை என்று பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஊர் எப்படிப் பகுதி பகுதியாக வளர்ந்தது என்று தெரியும். தெருக்களுக்கு நடுவே சாவடிகள். ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசவும், நல்லது கெட்டது நடத்தவும் தாங்களே வைத்துக்கொண்ட பொது இடம் சாவடி.

அதற்கு மேல் இன்னொரு அடுக்கு, பஞ்சும் நூலும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். மில் வந்தால் சங்கு வரும். சங்குக்கு ஏற்ப ஊர் எழும், உண்ணும், உறங்கும். தொழிலாளர் குடியிருப்பு, டீக்கடை, சைக்கிள் கடை எல்லாம் ஷிப்டை ஒட்டியே இடம் பிடிக்கும். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். ஒருவரின் வீடு ஊரின் வீடானதும் நம் நகர வரலாற்றின் ஒரு பக்கம்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாதுகாப்பு என்ற பேச்சு எழுந்தாலே அரண்மனை, கோயில், பெரிய வீடுகள் மட்டுமே பட்டியலில் ஏறிவிடுகின்றன. நம் ஊர்களில் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று இருந்த காலத்தின் கோடுகளும் இந்த வரைபடத்தில் பதிந்திருக்கின்றன. அதை மறைத்துவிட்டு அழகை மட்டும் காட்டினால், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 'இது எங்கள் ஊர் இல்லை' என்று ஒதுங்கிப் போவார்கள். லைன் வீட்டின் வாசல்படியும், காலனியின் குழாயடியும், சந்தையின் கல் மேடையும் அளக்கப்பட வேண்டியவையே. எங்கள் சார் அன்று என் தோழிக்குச் சொன்ன பதில் எவ்வளவு பெரியது என்பது முதுகலை முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் தன் வாசல்படியை அளந்து, "மாலையில் ஆறு பேர் உட்காருவோம்" என்று எழுதி வந்தாள்.

ஒரு வீடு எப்படிச் சாகிறது?

மாமாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். அந்தக் கூரை ஏன் பொறுக்கவில்லை? அறுபது எழுபது ஆண்டுகள் ஒழுகாத வீடு திடீரென்று ஏன் ஒழுகியது? இதற்கு விடை தேடியபோதுதான் இந்தப் படிப்பின் அருமை எனக்குப் புரிந்தது.

முதல் காரணம் தெருவில் இருந்தது. என் நோட்டில் திண்ணையின் உயரம் இரண்டேகால் அடி. அம்மாவின் சின்ன வயதில் ஏறுவதற்கு நான்கு படிகள் இருந்தனவாம். நான் அளந்தபோது மூன்று. வீட்டை இடிக்கும்போது ஒன்றரை. படிகள் எங்கும் போகவில்லை; தெரு உயர்ந்தது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுக்கொண்டே போனால், வீடு பள்ளத்தில் இறங்கிவிடும். மழைநீர் தெருவிலிருந்து நடைக்குள் வரும். தமிழ்நாட்டின் எந்தப் பழைய தெருவிலும் புதைந்துபோன படிகளை எண்ணிச் சாலையின் வரலாற்றைச் சொல்லலாம்.

இரண்டாவது காரணம் சுவரில் இருந்தது. அது சுண்ணாம்புக் காரையால் கட்டிய செங்கல் சுவர். தரையின் ஈரம் அதில் கொஞ்சம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். யாரோ நல்லெண்ணத்தோடு, உறுதியாக இருக்கட்டும் என்று அதன் மேல் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் வெளியேற வழியில்லை. அது உள்ளேயே மேலே ஏறியது. உப்பு பூத்தது; பூச்சு உதிர்ந்தது. கடைசியில் உத்திரத்தின் முனை சுவருக்குள் செருகியிருந்த இடம் உளுத்துப்போனது. உத்திரம் இறங்கினால் கூரை விலகும். கூரை விலகினால் ஒழுகும். ஒழுகல் கூரையில் தெரிந்தாலும் அதன் வேர் சுவரில் இருந்தது.

மூன்றாவது காரணம் மனிதர்களில் இருந்தது. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை பதப்படுத்தத் தெரிந்த கொத்தனார் அப்போது மாமாவுக்குக் கிடைக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு கைத்தொழில் அறிவு அறுந்துபோனால், கட்டடம் நின்றுகொண்டிருக்கும்போதே அது அநாதையாகிவிடுகிறது.

இந்த மூன்றையும் சரிசெய்திருந்தால் அந்த வீடு இன்னொரு தலைமுறைக்கு நின்றிருக்கும். ஆனால் வீட்டைப் பார்த்துக் காரணம் சொல்ல ஆள் இல்லை. இடிக்கச் சொல்ல மட்டும் நிறையப் பேர் இருந்தார்கள்.

பாதுகாப்பும் பத்திரமும்

இந்த இடத்தில் உங்கள் மனத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, பழுதடைந்தவை இடிக்கப்பட்டன. இந்த நிலையில் பழைய கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஒருத்தி வந்து பேசலாமா?

தெளிவாகச் சொல்கிறேன். எந்தக் கட்டடமும் ஒரு பிள்ளையின் உயிரைவிடப் பெரிதில்லை. ஐயம் இருந்தால் முதலில் பிள்ளைகளை வெளியேற்றுங்கள், அறையைப் பூட்டுங்கள், உரிய அலுவலருக்கு எழுதுங்கள். பாதுகாப்புப் படிப்பிலும் முதலில் சொல்லித் தருவது இதுதான். ஆனால் 'பழையது' என்ற சொல்லும் 'ஆபத்தானது' என்ற சொல்லும் ஒன்றல்ல. சரியாகக் கட்டாத பத்தாண்டுச் சுவர் விழக்கூடும். பராமரித்துவந்த நூறாண்டு மெட்ராஸ் டெரஸ் கூரை நிற்கக்கூடும். வயதைப் பார்த்து முடிவெடுக்காமல் நிலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். இடித்தே ஆக வேண்டும் என்று முடிவானால், இடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, பாதுகாப்பான தூரத்திலிருந்து படமெடுத்து, முகப்பை வரைந்து, கல்வெட்டில் இருக்கும் ஆண்டையும் கொடையாளர் பெயரையும் எழுதி வையுங்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது மட்டுமே மிஞ்சும்.

பதிவு இருந்தால் என்ன ஆகும்?

ஒரு பதிவுக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதற்கு உலகம் அறிந்த சான்று போலந்தின் தலைநகர் வார்சா. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அதன் பழைய நகரம் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆனால் போருக்கு முன்பே, வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். போர்க்காலத்தில் அந்த வரைபடங்களை நகருக்கு வெளியே கடத்திச் சென்று ஒரு மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தத் தாள்களையும் பழைய ஓவியங்களையும் வைத்துக்கொண்டு மக்கள் தங்கள் நகரத்தை மறுபடியும் கட்டினார்கள். 1980-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அந்தத் தாள்களில் பல, மாணவர்களின் வகுப்பு வேலைகள்.

அருகில் புதுச்சேரி. அங்கே மேரி என்று அழைக்கப்பட்ட பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில், அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. அதே ஊரில் வைசியாள் வீதியில், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்புகளை வீடு வீடாக இல்லாமல் தெருவாகவே எடுத்துச் சீரமைத்தார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அது அரண்மனைக்குக் கிடைத்த விருது அன்று. மக்கள் குடியிருக்கும் ஒரு தெருவுக்குக் கிடைத்த விருது.

நம் ஊர்ச் சாதாரண வீடுகளை எந்தத் தொல்லியல் சட்டமும் காக்காது. அவை இருப்பதும் இடிவதும் உரிமையாளரின் கையில். அவரைக் குறை சொல்லி ஆவதொன்றும் இல்லை. நம்மால் இப்போதே செய்யக்கூடியது பதிவு. அதற்கு அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளில் அளவுகோலே வேண்டாம். சாணாலும் முழத்தாலும் அளக்கட்டும். பள்ளிக்கு வரும் வழியில் எத்தனை வீட்டில் திண்ணை, எத்தனை வீட்டில் ஓடு, எத்தனை வீட்டில் தளம் என்று எண்ணிப் பட்டியலிடட்டும். திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், உத்திரம், விட்டம், போதிகை, பரண், மாடம் ஆகிய சொற்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும். பொருள் மறையும்போது சொல்லும் மறைகிறது. சொல்லையாவது பிடித்து வைப்போம்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, விகிதம் நடத்தும்போது வகுப்பறையை அளந்து, ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கட்டம் போட்ட தாளில் வரையச் சொல்லுங்கள். அடுத்து பள்ளியின் முகப்பு. அடுத்து அவரவர் வாசல். அறிவியலில் சுண்ணாம்பைப் பாடமாக்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. அதில் நீர் ஊற்றினால் கொதித்துக் கால்சியம் ஹைட்ராக்சைடு. சுவரில் பூசிய பின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட். கல்லாக இருந்தது கல்லாகவே திரும்புகிறது. இந்த மூன்று சமன்பாடுகளையும் ஒரு பழைய சுவரின் முன் நின்று சொல்லிப் பாருங்கள். சுண்ணாம்பு நீற்றுவதை மட்டும் பிள்ளைகள் கையால் செய்ய வேண்டாம். கண்ணில் பட்டால் கேடு.

பத்தாம் வகுப்பில் உயரங்களும் தூரங்களும் நடத்தும் கணித ஆசிரியர்கள் ஒரு நாள் கோபுரத்தடிக்கு அழைத்துப் போகலாம். ஒரு குச்சியின் நிழலையும் கோபுரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து, வடிவொத்த முக்கோணங்களால் உயரம் காணட்டும். விடை 192 அடிக்குக் குறைவாகத்தான் வரும். ஏன் என்று கேளுங்கள், உடனே சொல்லிவிடாதீர்கள். நிழலைக் கோபுரத்தின் அடி விளிம்பிலிருந்து அளந்திருப்பார்கள். உச்சியோ அடிப்பகுதியின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறது. அடியின் பாதி அகலத்தைக் கூட்ட வேண்டும் என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே போகலாம். ராஜபாளையத்தில் மில் புகைபோக்கி நிற்கும் இடத்தில் இதையே செய்யலாம்.

சில ஒழுங்குகள் வேண்டும். வீட்டுக்காரரின் அனுமதியின்றி அளக்கக் கூடாது. வீட்டுக்குள் படமெடுக்கக் கூடாது. பாழடைந்த கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. போக்குவரத்துள்ள தெருவில் ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். தாள்களில் நாள், தெரு, அளந்தவர் பெயர், வகுப்பு ஆகியவற்றை எழுதி, திருத்திக் கொடுத்த பிறகு பள்ளியிலேயே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருக்கும் பள்ளியில் அதுவே அதன் பணியாகட்டும். ஆண்டுக்கு நாற்பது தாள் என்றால் பத்தாண்டில் நானூறு. இந்த இரண்டு ஊர்களின் தெருக்களுக்கு அப்படி ஒரு கோப்பு இருந்தால், நாளை ஆய்வுக்கு வரும் முதுகலை மாணவர் உங்கள் பள்ளி வாசலில்தான் வந்து நிற்பார்.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

இப்படி ஒரு படிப்பு இருப்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தற்செயலை நீங்கள் வழக்கமாக்கிவிடலாம்.

மேல்நிலையில் கணிதமும் இயற்பியலும் எடுத்திருக்க வேண்டும். கட்டடக்கலைக் கவுன்சில் நடத்தும் நாட்டா தேர்வு எழுத வேண்டும்; திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள், என்ஐடிகள் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜேஇஇ முதன்மைத் தேர்வின் கட்டடக்கலைத் தாள். படம் வரையும் கை இருந்தால் நல்லது. பார்க்கும் கண் இருந்தால் இன்னும் நல்லது. இளநிலை ஐந்தாண்டு. அதன் பின் இரண்டாண்டு முதுகலை. டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய இடங்களில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும், அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்திலும் பாதுகாப்புத் துறையில் முதுகலை உண்டு. முதுகலைச் சேர்க்கைக்கு கேட் தேர்வு உதவும். கல்லிலும் சுதையிலும் நாட்டம் உள்ள பிள்ளைகளுக்கு மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. தொல்லியல் துறைகள், கோயில் திருப்பணிகள், இன்டாக் போன்ற அமைப்புகள், தனியார் கட்டடக்கலை அலுவலகங்கள் என்று வேலை கிடைக்கும் இடங்கள் உண்டு. புதுக் கட்டடம் கட்டுகிறவரின் வருமானம் தொடக்கத்தில் கிடைக்காது; அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிக்கிறேன். அம்மாச்சி வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கீழே கடை, மேலே மாமாவின் பிள்ளைகள். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. முதுகலையில் நான் மீட்டு வரைந்த படத்தைச் சட்டம் போட்டு மாமாவுக்குக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, வலதுபுறத் திண்ணையில் விரலை வைத்து, "இந்த இடத்துலதான் எங்க அய்யா உட்காருவாரு" என்றார். பிறகு, "அளவெல்லாம் சரியா இருக்கே, எப்படித் தாயி?" என்று கேட்டார். இந்த நோட்டைக் காட்டினேன்.

இதில் சிவப்பு மையில் இருக்கும் கையெழுத்து எங்கள் சாருடையது. மதிப்பெண் எதுவும் போடவில்லை. 'உயரத்தை அடுத்த வருடமும் அளந்து பார்' என்று எழுதியிருக்கிறார். நான் அளக்கவில்லை. உங்கள் பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள்.